பிள்ளையள் வாட்டில மருந்து சொல்லிக் குடுக்கிறது எப்பிடி: புதுசா வேலைக்கு வாற ஆக்களுக்கு

யாழ்ப்பாணத்தில பிள்ளையள் வாட்டுக்குப் புதுசா வாற தங்கச்சிமார் தம்பிமாருக்கு எண்டுதான் இதை எழுதுறன், நேர்ஸிங் படிக்கிற ஆக்கள், பார்மசியில ட்ரெயினிங் செய்யிற ஆக்களும் வாசிக்கலாம். பெரியாஸ்பத்திரியா இருந்தாலும் சரி, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்துறை எண்டு எங்க போட்டாலும் சரி, வேலை ஒண்டுதான். வாட்டில இருக்குமட்டும் மருந்தை நாங்கள் நேரத்துக்கு அளந்து குடுக்கிறம், துண்டு வெட்டி வீட்ட போனா அதைச் செய்யப்போறது வேற ஆக்கள். அதுக்கு அவையை ஆயத்தப்படுத்திறதும் எங்கட வேலைதான். வழக்கமா என்ன நடக்குதெண்டா நாங்கள் தாயோட கதைச்சுப்போட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவம், பிள்ளை எங்கட வாயையும் தாயின்ர வாயையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டிருக்கும். விழுங்கப்போறது அந்தப் பிள்ளை, பம் (முட்டு வருத்தத்துக்கு வாயால இழுக்கிற மருந்து) இழுக்கப்போறது அந்தப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில முட்டு வந்தா தனிய நிண்டு சமாளிக்கப்போறதும் அதுதான். அதால முதல்ல பிள்ளையோட கதையுங்கோ, பிறகு தாயோட.

முதல் வேலை: வீட்டில ஆர் மருந்து குடுக்கிறது?

இதைக் கேக்காமத் தொடங்க வேண்டாம். எங்கட ஊரில கனக்க வீட்டில தகப்பன் வெளிநாட்டில, தாய் வேலைக்குப் போறவ, பிள்ளையை வச்சுப் பாக்கிறது அம்மம்மா. வாட்டில நிக்கிறது சித்தியா இருக்கும். நீங்கள் சித்திக்கு அரை மணித்தியாலம் சொல்லிக் குடுத்து ஒரு பிரயோசனமும் இல்லை. “வீட்டில காலமை மருந்து ஆரம்மா எடுத்துக் குடுக்கிறது?” எண்டு கேட்டு, அந்த ஆளைப் பாக்கிற நேரத்துக்கு ஒருக்கா வரச்சொல்லுங்கோ. அம்மம்மா வந்தா கண்ணாடியோட வரச்சொல்லுங்கோ, ஏனெண்டா அளவு சிரிஞ்சில இருக்கிற சின்னக் கோடு அவவுக்குத் தெரியுதோ எண்டது முக்கியம். தெரியாட்டி அந்தக் கோட்டில சிவப்புப் பிளாஸ்டர் ஒட்டி விடுங்கோ.

எப்ப சொல்லுறது

துண்டு வெட்டுற அண்டைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அண்டைக்குத் தாய்க்கு பஸ் நினைவு, சாமான் கட்டுற நினைவு, நெடுந்தீவு ஆக்களெண்டா குறிகட்டுவானில படகு போயிடுமெண்ட பயம், நீங்கள் என்ன சொன்னாலும் தலையாட்டிப்போட்டுப் போயிடுவினம். காச்சல் இறங்கிப் பிள்ளை எழும்பி இருந்து சாப்பிடத் தொடங்கின உடன தொடங்கலாம். தனி வகுப்பெல்லாம் வேண்டாம், மருந்து வண்டில் கொண்டு போற ஒவ்வொரு முறையும் 2 நிமிசம், ஒருக்காப் பெயர், அடுத்த முறை ஏன் குடுக்கிறதெண்டு, அதுக்கடுத்த முறை பிள்ளையே அளந்து காட்டட்டும், இப்பிடி 4 நாள் வாட்டில நிண்ட பிள்ளைக்கு ஒரு கஸ்டமும் இல்லாம எல்லாம் ஏறியிருக்கும்.

இன்னொண்டு, எங்கட எழுத்தை அவைக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாம். பிடி (நாளுக்கு ரண்டு தரம்), ரிடிஎஸ் (மூண்டு தரம்), எஸ்ஓஎஸ் (தேவைப்பட்டா மட்டும்) எண்டது எங்களுக்குள்ள. “6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா” எண்டா சிலர் இரவில அலாம் வச்சுப் பிள்ளையை எழுப்புவினம், சிலர் பகலில மட்டும் குடுப்பினம். காலமை பல்லுத் தீட்டின பிறகு, பள்ளிக்கூடத்தால வந்த உடன, இரவு படுக்க முதல் எண்டு அந்த வீட்டின்ர நாளோட சேத்துச் சொல்லுங்கோ. மத்தியானக் குளிசை பள்ளிக்கூட நாளில பெரும்பாலும் விடுபடும், அதை முன்னமே டொக்டரிட்டச் சொன்னா சில மருந்தை ரண்டு வேளையா மாத்தித் தருவினம்.

வயசுக்கு ஏத்த மாதிரி

5 வயசுக்குக் கீழ உள்ளவைக்கு ஒரே ஒரு விசயம் போதும், பெரிய ஆள் கையால தந்தாத்தான் மருந்து, கீழ கிடந்து எடுத்து வாயில போடுறேல்லை. இந்த வயசில “ரொபி மாதிரி இனிக்கும் குடி ராசா” எண்டு சொல்லிக் குடுக்கிற பழக்கத்தை வாட்டிலயே நிப்பாட்டோணும். நாங்களே ரொபி எண்டு சொன்னா, வீட்டில தாய்க்குக் குடுத்த இரும்புச்சத்துக் குளிசையின்ர வடிவான சிவப்பு நிறத்தைப் பாத்தும் அது ரொபி எண்டுதான் நினைக்கும், அந்தக் குளிசை கொஞ்சம் கூட விழுங்கினாலே சின்னப் பிள்ளையின்ர உயிருக்கு ஆபத்து. கசக்குமெண்டா கசக்குமெண்டே சொல்லுங்கோ, “கொஞ்சம் கசக்கும் குஞ்சு, பிறகு தண்ணி குடிக்கலாம்”. பொய் சொல்லாத ஆளிட்ட அடுத்த முறை பிள்ளை வாய் திறக்கும். பொம்மை ஒண்டும் ஊசி இல்லாத சிரிஞ்சும் குடுத்தா அதுவே பொம்மைக்கு மருந்து பருக்கும், அதைப் பாத்துக்கொண்டிருந்தாப் பிள்ளைக்கு என்ன விளங்கியிருக்கெண்டது தெரியவரும்.

6 இல இருந்து 10 வரைக்கும் ஏன், எதுக்கு எண்டு கேட்டுக்கொண்டே இருப்பினம், அது நல்ல காலம். நெஞ்சுப் படம் கீறி, மூச்சுக்குழாய் இப்பிடி ஒடுங்கும், நீலப் பம் அதை விரிக்கும், மண்ணிறப் பம் வீக்கத்தைக் குறைக்கும் எண்டு சொல்லுங்கோ. கலண்டர் ஒண்டு கீறிக் குடுத்து மருந்து எடுத்த உடன தானே புள்ளடி போடட்டும். மருந்துப் பெயரைப் பிள்ளை தன்ர வாயால சொல்லப் பழகோணும், “வெள்ளைக் குளிசை” எண்டு சொல்லுறது போதாது, வெள்ளைக் குளிசை நூறு இருக்கு.

பாணி மருந்து: இதில கொஞ்சம் நிண்டு சொல்லோணும்

வீட்டுத் தேக்கரண்டி எல்லாம் ஒரு அளவில்லை. மருந்தில ஒரு தேக்கரண்டி எண்டா 5 மில்லிலீற்றர், குசினியில இருக்கிறது அதை விடக் கூடவோ குறையவோ பிடிக்கும். அளவு சிரிஞ்சு இல்லாட்டி அளவு மூடி, அதுகும் மேசையில வச்சுக் கண் மட்டத்துக்குக் குனிஞ்சு பாக்கோணும். சிரிஞ்சால குடுக்கேக்க நாக்குக்கு மேல பீச்சாமக் கன்னத்துப் பக்கமாக் கொஞ்சம் கொஞ்சமா விடச்சொல்லுங்கோ, படுக்க வச்சு மூக்கைப் பொத்திப் பருக்கிறதைக் கண்டா உடன நிப்பாட்டுங்கோ, புரைக்கேறும்.

அன்ரிபயோட்டிக் பவுடர் போத்தலெண்டா கொதிச்சு ஆறின தண்ணியைக் கோடு வரைக்கும் விட்டுக் குலுக்கி, நுரை அடங்கின பிறகு கோட்டுக்குக் குறைஞ்சிருந்தா திரும்ப விடோணும். ஒவ்வொரு முறை குடுக்க முதலும் குலுக்கோணும், இல்லாட்டி முதல் நாள் தண்ணியும் கடைசி நாள் மருந்துமாத்தான் பிள்ளை குடிக்கும். கரைச்ச பிறகு லேபிளில சொன்ன நாளுக்கு மேல வைக்கேலாது, கனக்கத்துக்கு அது 7 நாள் இல்லாட்டி 14 நாள். மிஞ்சினதைத் தம்பிக்கு அடுத்த மாசம் காச்சல் வந்தாக் குடுக்கலாமெண்டு எடுத்து வைக்கிற வீடுகள் இருக்கு, அதை வெளிப்படையாக் கேளுங்கோ.

பனடோல் பாணி, அதாவது பரசிற்றமோல் பாணிதான் எங்கட ஊரில பெரிய சிக்கல். இஞ்ச கிடைக்கிற வழக்கமான பாணி 5 மில்லிலீற்றரில 120 மில்லிகிராம். ஆனா வெளிநாட்டில இருக்கிற மாமா, பெரியம்மா வரேக்க பிள்ளையளுக்கெண்டு காச்சல் பாணி கொண்டு வருவினம், அன்பாத்தான் கொண்டு வருவினம். லண்டனில விக்கிற 6 வயசுக்கு மேற்பட்ட பிள்ளையளின்ர பாணி 5 மில்லிலீற்றரில 250 மில்லிகிராம், கனடாவில கைக்குழந்தையளுக்கெண்டு விக்கிற சொட்டு மருந்து ஒரு மில்லிலீற்றரிலயே 80 மில்லிகிராம். 12 கிலோப் பிள்ளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில, 180 மில்லிகிராம்தான் ஒரு முறைக்கு ஆகக்கூட, அது எங்கட பாணியில ஏழரை மில்லிலீற்றர். அதே ஏழரையை அந்தக் கனடாச் சொட்டு மருந்தில அளந்து குடுத்தா 600 மில்லிகிராம் போயிடும், மூண்டு மடங்குக்கும் மேல. குழந்தைக்குரிய மருந்துதானே, பலம் குறைவா இருக்குமெண்டு ஆக்கள் நினைப்பினம், இதில மறுவளம். அதால எத்தினை மில்லிலீற்றர் எண்டு மட்டும் எழுதிக் குடுக்க வேண்டாம், எத்தினை மில்லிகிராம் எண்டும் சேத்து எழுதுங்கோ, வீட்டில இருக்கிற போத்தலைக் கொண்டு வந்து காட்டச்சொல்லுங்கோ, இல்லாட்டிப் போனில படம் எடுத்து அனுப்பச்சொல்லிப் பாருங்கோ. 24 மணித்தியாலத்தில 4 தரத்துக்கு மேல இல்லை, ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில ஆகக்குறைஞ்சது 4 மணித்தியாலம். தடிமனுக்கெண்டு விக்கிற மருந்து பலதுக்குள்ளயும் பரசிற்றமோல் இருக்கு, ரண்டையும் ஒண்டாக் குடுத்தா அது ரண்டு தரம் குடுத்த கணக்கு.

மழைக்காலத்தில, கார்த்திகை மார்கழியில, டெங்கு வாற நேரம் காச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்தான் எண்டு ஒவ்வொரு தாய்க்கும் சொல்லுங்கோ. புறூபன், அஸ்பிரின், டைக்ளோபினக் ஒண்டும் குடுக்கிறேல்லை, டெங்கில இரத்தம் கசியிறதை அதுகள் கூட்டிப்போடும். மலவாசலால வைக்கிற மருந்தெண்டாலும் அதுதான், பெயரை வாசிக்கோணும்.

குளிசை விழுங்கப் பழக்கிறது

12 வயசு வந்தும் குளிசையை இடிச்சுத் தேன்ல கரைச்சுக் குடிக்கிற பிள்ளையளைக் கண்டிருக்கிறன். சில குளிசை இடிக்கக்கூடாது, வலிப்புக்குக் குடுக்கிறதுகளில மெதுமெதுவாக் கரையிற வகை இருக்கு, இடிச்சா முழு மருந்தும் ஒரேயடியா இறங்கும். எது இடிக்கலாம் எது ஏலாது எண்டு பார்மசியில கேட்டு அட்டையில குறிச்சு வையுங்கோ.

பழக்கிறதுக்குக் கேக்குக்கு மேல தூவுற குட்டி இனிப்பு நல்லம், நெரிஞ்சு கரையிற சாமான், பயமில்லை. நிமிந்து இருக்கோணும், முதல்ல ஒரு முடக்குத் தண்ணி, பிறகு நாக்கின்ர நடுவில ஒரு மணி, உடன தண்ணி. அது போனா கொஞ்சம் பெரிசு, பேந்து அதை விடப் பெரிசு, ஒரு நாளைக்கு 5 நிமிசம் போதும், அழத் தொடங்கினா அண்டைக்கு விட்டிடுங்கோ. இதை மருந்து நேரத்தில செய்யவேண்டாம், விழுங்கப் பழகுற விளையாட்டெண்டு வேற நேரத்தில வையுங்கோ. வளந்த பிள்ளையளுக்கு இன்னொரு வழி இருக்கு, ஜேர்மனியில ஹைடல்பேர்க்கில 2014 இல வளந்த ஆக்களிட்டச் செய்து பாத்து எழுதினவை: குளிசையை நாக்கில வச்சு, மெல்லிய பிளாஸ்டிக் தண்ணிப் போத்தலின்ர வாயை உதட்டால இறுக்கி மூடி, காத்துப் போகவிடாமத் தண்ணியை உறிஞ்சி விழுங்கோணும், போத்தல் ஒடுங்கும். கப்சூல் எண்டா தலையை அண்ணாக்க வேண்டாம், அது தண்ணியில மிதக்கிற சாமான், நாடியை நெஞ்சுப் பக்கம் குனிச்சு விழுங்கினா லேசாப் போகும்.

கப்சூல் எண்ட உடன சைவக் குடும்பங்களைப் பற்றியும் சொல்லோணும். நல்லூரில கொடியேறினா வீட்டில மச்சம் இல்லை, கந்தசஷ்டிக்கும் அப்பிடித்தான். கப்சூலின்ர கோது பெரும்பாலும் மிருகத்தில இருந்து எடுக்கிற ஜெலற்றினில செய்யிறது, அதை எங்கயோ வாசிச்ச அம்மம்மா ஒருத்தருக்கும் சொல்லாம மருந்தை நிப்பாட்டிப்போடுவா. நீங்களாக் கேட்டா அவ சொல்லுவா, குளிசையாவோ பாணியாவோ மாத்தலாமோ எண்டு டொக்டரிட்டக் கேக்கலாம். அவவின்ர நம்பிக்கையை மறுத்துக் கதைச்சு மருந்து உள்ள போகாது.

பம்

பம்மும் ஸ்பேசரும் (பம்முக்கும் வாய்க்கும் இடையில பூட்டுற பிளாஸ்டிக் குழாய்) பாவிக்கிற பிள்ளையளில கனபேர் பிழையாத்தான் இழுக்கினம். செய்து காட்டுங்கோ, பிறகு பிள்ளை செய்யட்டும். பம்மைக் குலுக்கி ஸ்பேசரில பூட்டி, வாய்க்குழாயை உதட்டால இறுக்கி, ஒரு முறை மட்டும் அமத்தி, ஆறுதலா 5 மூச்சு. அரை நிமிசம் விட்டுத் திரும்பக் குலுக்கி அடுத்தது. ரண்டு மூண்டு தரம் ஒரேயடியா அமத்தினா மருந்து ஸ்பேசர் சுவரிலதான் ஒட்டும். 4 வயசுக்குக் கீழ மாஸ்க், இடைவெளி இல்லாம முகத்தில பொருந்தோணும். மண்ணிறப் பம் இழுத்த பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்போணும், இல்லாட்டி வாய்க்குள்ள வெள்ளை படரும். ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணியில கழுவித் துடைக்காம நிழலில காயவிடச்சொல்லுங்கோ, துணியால உள்ளுக்குத் துடைச்சா மருந்து சுவரில ஒட்டுற தன்மை கூடும். ஸ்பேசர் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின்ர அடியில பம் வாய் இறுக்கமாப் பொருந்துற அளவில ஓட்டை போட்டுச் செய்து குடுக்கலாம், தென்னாபிரிக்காவில 1999 இல பிள்ளையளில பாத்து அது வேலை செய்யுதெண்டு காட்டினவை.

பம்மை ஆட்டிப் பாத்துச் சத்தம் வருதெண்டு மருந்து இருக்கெண்டு நினைக்கிறது பிழை, மருந்து முடிஞ்சாலும் காஸ் கொஞ்சம் நிக்கும். தொடங்கின திகதியைப் பிளாஸ்டரில எழுதிப் பம்மில ஒட்டி, எத்தினை தரம் எண்டு கணக்குப் பாக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கோ, 10 வயசுப் பிள்ளைக்கு இது நல்ல கணக்குப் பாடம்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் எடுக்கிற பிள்ளையளுக்கு இதே மாதிரி ஒரு பந்தி போதாது, அது கிளினிக்கில தனியச் சொல்லிக் குடுக்கிறது. ஆனா வாட்டில நீங்கள் விடாமக் கேக்க வேண்டியது: திறக்காத போத்தல் 2 இல இருந்து 8 பாகை குளிரில, ஐஸ் கட்டுற பெட்டிக்குள்ள வச்சா அது பழுது, எறியோணும். பாவிக்கிறது அறையில 4 கிழமை மட்டில நிக்கும், ஆனா எங்கட சித்திரை வெயிலில மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழ வச்சா நிக்காது. பிரிஜ் இல்லாத வீட்டுக்கு, நனைஞ்ச மண்ணுக்குள்ள புதைச்ச சின்ன முட்டி நல்ல வழி. பள்ளிக்கூடப் பையில சீனி எப்பவும் இருக்கோணும், வேர்த்து நடுங்கிப் பசிச்சா இரத்தத்தில சீனி இறங்கிப்போச்செண்டு அர்த்தம், 3 தேக்கரண்டி சீனி தண்ணியில கரைச்சு உடன. விரதம் பிடிக்கப்போறன் எண்டா கிளினிக்கில கேக்காமப் பிடிக்கேலாது.

பெரிய பிள்ளையள்

12, 13 வயசுக்கு மேல உள்ளவையை எல்லாரும் விட்டிடுவினம், “அவன் பெரிய பெடியன், தானே எடுப்பான்” எண்டு. இந்த வயசிலதான் மருந்து நிண்டுபோறது. பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை எடுக்கிற பிள்ளைக்கு முகம் ஊதும், ரியூசனில பெடியள் பகிடி பண்ணுவினம், பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லாமக் குளிசையை யன்னலால எறியும். அந்த மருந்தைக் கன நாள் எடுத்துப்போட்டுத் திடீரெண்டு நிப்பாட்டினா உடம்பு தானாச் சுரக்க வேண்டியது சுரக்காமப் பிள்ளை விழுந்துபோகலாம். வலிப்புக் குளிசையும் திடீரெண்டு நிப்பாட்டிற சாமானில்லை. “முகம் ஊதுறது மருந்தாலதான், அளவு குறைய அதுகும் வத்தும், உனக்குக் கரைச்சலெண்டா எனக்குச் சொல்லு, எறியாத தம்பி” எண்டு முதலே சொல்லி வையுங்கோ.

ஒருக்காவாவது தாய் தகப்பன் இல்லாமக் கதையுங்கோ. “அம்மா ஒருக்காத் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோவன்” எண்டு சொன்னா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். “நீ மருந்து எடுக்கிறனியோ” எண்டு கேட்டா ஓம் எண்டுதான் மறுமொழி வரும். “எல்லாருக்கும் இடைக்கிடை விடுபடும், உனக்குக் கிழமையில எத்தினை நாள் விடுபடும்” எண்டு கேளுங்கோ, உண்மை வரும். வலிப்புக்குச் சோடியம் வல்புரோவேற் எடுக்கிற பொம்பிளைப்பிள்ளை எண்டா அந்த மருந்து பிறகு வயித்தில பிள்ளை உண்டாகேக்க அந்தப் பிள்ளையைப் பாதிக்கும் எண்டது அவவுக்கும் தாய்க்கும் தெரியோணும், எங்கட வீடுகளில இந்தக் கதை எடுக்க மாட்டினம், அதால டொக்டரோட கதைக்க நீங்கள் ஒழுங்கு செய்யுங்கோ. மனம் சரியில்லை, சாகலாம் போல கிடக்கு எண்டு பிள்ளை ஒரு சொல்லுச் சொன்னாலும், அதை உங்களோட வச்சுக்கொள்ள வேண்டாம், அண்டைக்கே டொக்டருக்குச் சொல்லுங்கோ, வீட்டில மருந்துப் பெட்டிக்குப் பூட்டுப் போடச் சொல்லுங்கோ, 1926 எண்ட மனநல உதவி இலக்கத்தைப் பிள்ளைக்கும் குடுங்கோ.

உலக சுகாதார நிறுவனம் 2017 இல மருந்தால வாற தீங்கைக் குறைக்கத் தொடங்கின வேலையில 5 நேரங்களைச் சொல்லுது: மருந்து தொடங்கேக்க, எடுக்கேக்க, புது மருந்து சேரேக்க, மருந்துகளைத் திரும்பப் பாக்கேக்க, நிப்பாட்டேக்க. 14 வயசுப் பிள்ளைக்கு இந்த 5 நேரத்திலயும் டொக்டரிட்டக் கேக்கத் தெரியோணும், “இது எதுக்கு, எவ்வளவு நாளைக்கு, நான் எடுக்கிற மற்றதோட சேருமோ”. வாட்டு ரவுண்டில டொக்டர் வரேக்க இதில ஒரு கேள்வியைப் பிள்ளையே கேக்கட்டும், முதல் நாளே ஒத்திகை பாருங்கோ. பெட்டியில பெரிசா இருக்கிற கொம்பனிப் பெயருக்குக் கீழ சின்னனா இருக்கிற மருந்தின்ர சொந்தப் பெயரை வாசிக்கப் பழக்குங்கோ. மருந்தியல் பேராசிரியர் செனக பிபிலே அந்தப் பெயரால மருந்து வாங்கோணும் எழுதோணுமெண்டு நிண்டு, 1971 இல அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கின நாடு இது. ஒரே மருந்தை ரண்டு பெயரில ரண்டு தரம் விழுங்காம இருக்க இதை விட நல்ல வழி இல்லை.

விளங்கிச்சோ எண்டு கேக்காதேங்கோ

கேட்டா “ஓம் மிஸ்” எண்டுதான் வரும். “நான் சொன்னது வடிவா இருந்ததோ எண்டு பாக்கோணும், நாளைக்குக் காலமை வீட்டில என்ன செய்வியள் எண்டு எனக்குச் செய்து காட்டுங்கோ” எண்டு கேளுங்கோ. பிள்ளை முதல்ல, பிறகு தாய். பிழைச்சா ஏச்சு வேண்டாம், அந்த இடத்தை மட்டும் திரும்பச் சொல்லி, திரும்பச் செய்யச்சொல்லுங்கோ. ஒரு வேளை மறந்தா என்ன, சத்தி எடுத்தா என்ன எண்டது மருந்துக்கு மருந்து வித்தியாசம், அதை டொக்டரிட்டக் கேட்டுக் கிளினிக் கொப்பியில தமிழில எழுதுங்கோ, ஆனா மறந்ததுக்குச் சேத்து ரண்டாக் குடுக்கிறது எண்டது ஒண்டிலயும் இல்லை. குளிசைக் கடதாசிக் கவரை மாத்திப் போத்தலில கொட்டி வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ, பெயரும் அளவும் அதிலதான் இருக்கு. மருந்தும் மண்ணெண்ணெயும் சோடாப் போத்தலில வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கு, அதையும் கேளுங்கோ. பிள்ளை கூடுதலா விழுங்கிப்போட்டுதெண்டு சந்தேகம் வந்தாலே சத்தி எடுக்க வைக்காம, உப்புத்தண்ணி பருக்காம, 1990 அம்புலன்சுக்கு அடிச்சு, விழுங்கின கவரையோ போத்தலையோ கையோட கொண்டு வரச்சொல்லுங்கோ, நோயில்லைத்தானே எண்டு பாத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், பனடோல் கூடினா முதல் நாள் ஒண்டும் தெரியாது, ஈரல் பிறகுதான் காட்டும்.

முதல் கிளினிக்குக்கு வரேக்க வீட்டில இருக்கிற எல்லாப் போத்தலையும் கவரையும் பம்மையும் ஒரு பையில போட்டுக் கொண்டுவரச் சொல்லி அனுப்புங்கோ. அதை மேசையில கொட்டி, ஒவ்வொண்டா எடுத்து, இது என்ன, எப்ப எடுக்கிறனி எண்டு பிள்ளையிட்டக் கேளுங்கோ, தாய் இடையில மறுமொழி சொல்ல வெளிக்கிட்டா “பொறுங்கோ அம்மா, அவ சொல்லட்டும்” எண்டு சொல்லுங்கோ.